கர்ரி: ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லை முழுசாகக் கற்று ஆடுவது எப்படி

போன பொங்கல் விடுமுறையில் அக்கா வீட்டில் ஸ்கிராபிள் ஆடிக்கொண்டிருந்தோம், டைல் எனப்படும் எழுத்துக் கட்டைகளைப் போர்டில் அடுக்கி ஆங்கிலச் சொல் ஆக்கும் விளையாட்டு. போர்டில் கர்ரி கிடந்தது: சி-யு-ஆர்-ஆர்-ஒய். அதன் வாலில் ஓர் எஸ் வைத்து, அந்த எஸ்ஸிலிருந்தே கீழே இன்னொரு சொல்லையும் இறக்கினேன். ஒரே கையில் இரண்டு சொல், இரண்டுக்கும் புள்ளி. எழுதிக்கொள்ளப் பேனாவை எடுக்கும்போதே அக்கா மகள் சொன்னாள்: "மாமா, கர்ரிக்கு எஸ் ஒட்டாது. ஒய்யைத் தூக்கிட்டு ஐ-இ-எஸ் வரணும்." அகராதியைப் புரட்டினோம். அவள் சொன்னதுதான் சரி. டைல்களைத் திரும்ப எடுத்துக்கொண்டேன், என் முறையும் போனது.

எனக்கு வலித்தது அதுவல்ல. அதே எஸ்ஸை வாலுக்குப் பதிலாகத் தலையில் வைத்திருந்தால் செல்லும் என்பது ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. ஸ்கர்ரி. எலி குடுகுடுவென்று ஓடுவதைச் சொல்லும் சொல். கர்ரி நம் வீட்டுச் சொல் ஆயிற்றே, எனக்குத் தெரியாததா என்று நினைத்திருந்தேன். ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. அதன் பிறகு உட்கார்ந்து அந்த ஒரு சொல்லைப் பிரித்து மேய்ந்தேன். அதே வரிசையில் கீழே தருகிறேன். ஆங்கிலச் சொல்லைக் கர்ரி என்றும், நம்முடையதைக் கறி என்றும் எழுதுகிறேன், குழம்ப வேண்டாம்.

முதலில்: அகராதியில் எத்தனை கர்ரி?

பெரிய ஆங்கில அகராதிகள் பலவற்றில் கர்ரிக்குத் தனித்தனியாக இரண்டு பதிவுகள் இருக்கும். தலையில் சின்னதாக 1, 2 என்று எண் போட்டிருப்பார்கள். ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருந்தால் ஒரே பதிவுக்குள் போடுவார்கள். எண் போட்டுப் பிரித்திருந்தால் அவை வேறு வேறு ஊரிலிருந்து வந்து, தற்செயலாக ஒரே எழுத்துகளில் உட்கார்ந்துவிட்ட வேறு வேறு சொற்கள் என்று அர்த்தம். சொல் விளையாட்டுக்காரர் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான். இரண்டு பிறப்பு என்றால் இரண்டு உறவுக் கூட்டம். புள்ளி அந்த உறவுக் கூட்டத்தில்தான் இருக்கிறது.

நம் பக்கத்துக் கர்ரி

சோற்றில் ஊற்றிக்கொள்ளும் கர்ரி நம் கறியிலிருந்து போனது. ஆனால் கறி முதலில் குழம்பும் இல்லை, இறைச்சியும் இல்லை. சங்கப் பாடல்களில் கறி என்றால் மிளகு. யவனர்களின் கப்பல்கள் முசிறிக்கு வந்துபோவதை அகநானூற்றின் 149ஆம் பாடல் 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்கிறது. பொன்னைக் கொட்டிவிட்டு மிளகை அள்ளிக்கொண்டு போனார்கள்.

பிற்பாடு அந்தச் சொல் எங்கெங்கோ பரவிவிட்டது. தமிழ்நாட்டில் பல வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை "கறி எடுத்தாச்சா" என்றால் ஆட்டிறைச்சி. வேறு சில வீடுகளில் கறி என்றால் வாழைக்காயையோ கத்திரிக்காயையோ வதக்கி வைத்தது, இறைச்சிக்கும் அதற்கும் ஒட்டு உறவே கிடையாது. இலங்கையில் சோற்றுக்குத் துணையாக வருவதெல்லாம் கறி, காய்கறிக்கு மரக்கறி என்று பெயர். காய்கறி என்ற கூட்டுச்சொல்லிலும் அது உட்கார்ந்திருக்கிறது, கறிவேப்பிலையிலும் இருக்கிறது.

இந்தச் சொல்லைக் கப்பலேற்றியவர்கள் போர்ச்சுக்கீசியர்கள். அவர்கள் வாயில் அது 'கரில்' ஆனது. லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரர் கோவாவில் பேராயரிடம் செயலாளராக இருந்தவர். அவருடைய பயண நூல் 1598இல் ஆங்கிலத்தில் வந்தபோது, சோற்றின் மேல் ஊற்றும் புளிப்பான மீன்குழம்பைப் பற்றிய வரியில் இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. நன்றாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார், மனுஷருக்கு மீன்குழம்பு பிடித்திருக்கிறது. 1747இல் ஹன்னா கிளாஸ் லண்டனில் வெளியிட்ட சமையல் புத்தகத்தில் இந்திய முறையில் கர்ரி வைக்கும் குறிப்பு வந்துவிட்டது. அதில் சேரும் மசாலா மிளகும் கொத்தமல்லி விதையும். மிளகு என்று பொருள்பட்ட சொல், சுற்றிவிட்டு மறுபடி மிளகிடமே போய்ச் சேர்ந்திருக்கிறது. 1810இல் ஷேக் தீன் முகமது லண்டனில் ஓர் இந்திய உணவகத்தையே திறந்துவிட்டார். அப்புறம் அங்கே மஞ்சள் நிறத்தில் எது ஓடினாலும் கர்ரி என்று ஆகிவிட்டது. நாம் சாம்பார், புளிக்குழம்பு, குருமா, கூட்டு என்று பிரித்துப் பிரித்துச் சொல்வதை எல்லாம் ஒரே அண்டாவில் கொட்டிவிட்டார்கள்.

இங்கே ஒரு வழுக்குப் பாறை. இங்கிலாந்தில் 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதப்பட்ட ஒரு சமையல் ஏட்டின் தலைப்பில் க்யூரி என்ற சொல் வருகிறது. அதைக் காட்டி, கர்ரி ஆங்கிலேயருக்கே சொந்தம் என்று சிலர் வாதாடுவார்கள். அது சமைப்பதைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. நம் கறிக்கு உறவே இல்லை.

விளையாட்டில் இந்தக் கர்ரி என்ன தருகிறது? பெயர்ச்சொல்லாகக் கர்ரி, பன்மையில் ஒய் போய் ஐ-இ-எஸ். வினைச்சொல்லாகவும் வரும், மசாலா போட்டுச் சமைப்பது. ஆகவே இறந்தகாலத்துக்கு ஐ-இ-டி, நிகழ்வுக்கு ஒய்யை அப்படியே வைத்து ஐ-என்-ஜி. அவ்வளவுதான். மீதி எல்லாம் அடுத்த கர்ரி போடுகிற பிச்சை.

குதிரை லாயத்துக் கர்ரி

இரண்டாவது கர்ரி பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. தயார்ப்படுத்து, ஒழுங்கு செய் என்பது அதன் வேர்ப்பொருள். இரண்டு தொழிலில் நிலைத்தது. ஒன்று, குதிரையின் உடம்பைத் தேய்த்துச் சீவிச் சுத்தம் செய்வது. இன்னொன்று, பதனிட்ட தோலை ஊறவைத்து, சுரண்டி, எண்ணெய் ஏற்றிப் பளபளப்பாக்குவது. தோல் வேலை செய்பவர் கர்ரியர், அவர் தொழிலின் பெயருக்குப் பின்னால் ஓர் ஒய் சேரும். கடிதம் கொண்டுவரும் கூரியரோடு சேர்த்துவிடாதீர்கள். லண்டனில் இந்தக் கர்ரியர்களுக்கென்று இடைக்காலத்தில் எழுந்த சங்கம் இன்றும் இருக்கிறது. குதிரை தேய்க்கும் பல் வைத்த உலோகச் சீப்பு கர்ரிகோம்ப். கோம்ப் என்றால் சீப்பு. இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், போர்டில் மறுபடி வரும்.

முகஸ்துதி செய்து காரியம் சாதிப்பதை ஆங்கிலத்தில் கர்ரி ஃபேவர் என்பார்கள். சலுகைக்கு மசாலா போடுவதா என்று தோன்றும். இல்லை. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸில் எழுதப்பட்ட ஒரு நையாண்டிக் கவிதையில் ஃபோவெல் என்று ஒரு குதிரை வரும். பொய்யும் பேராசையும் உருவெடுத்தது அது. நாட்டின் பெரிய மனிதர்கள் எல்லாம் வரிசையில் நின்று அந்தக் குதிரையைத் தேய்த்துவிடுவார்கள். ஃபோவெலைத் தேய்ப்பது ஆங்கிலத்தில் ஃபேவெலைத் தேய்ப்பது ஆனது. குதிரை யாரென்று மறந்துபோன பிறகு, பொருள் புரியட்டும் என்று ஜனங்களே அதை ஃபேவர் ஆக்கிக்கொண்டார்கள். நம் காக்கா பிடிப்பதும் இந்த ஜாதிதான். கால், கை பிடிப்பதுதான் காக்கா பிடிப்பது ஆயிற்று என்று சொல்வார்கள். அங்கே குதிரை மறைந்து சலுகை வந்தது, இங்கே காலும் கையும் மறைந்து காக்கா வந்துவிட்டது.

கம்ப்யூட்டர் நிரல் எழுதுபவர்களுக்குக் கர்ரியிங் என்றால் மூன்றாவதாக ஒன்று நினைவுக்கு வரும். அது ஹாஸ்கெல் கர்ரி (1900–1982) என்ற அமெரிக்கக் கணித அறிஞரின் பெயரால் வந்தது. சமையலும் இல்லை, குதிரையும் இல்லை.

பொருள் தெரிந்து ஆகப்போவதென்ன?

நியாயமான கேள்வி. நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலேயே, சொற்பட்டியலை மனப்பாடம் செய்து, 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டம் வென்றார். 2024இல் ஸ்பானிஷிலும் அதையே செய்தார். பொருளே வேண்டாம் என்பதற்கு அவரைவிடச் சாட்சி வேண்டியதில்லை. ஆனால் நமக்கு அந்தத் தலை இல்லையே. எனக்குப் பட்டியல் ஒட்டுவதில்லை, கதை ஒட்டும். தோல் சுரண்டுகிறவரைக் கண்ணில் கண்டபிறகு கர்ரியர் மறக்கவே இல்லை. அந்தக் கர்ரியர் ஏழெழுத்து.

அடுத்து: முன்னும் பின்னும் ஒட்டுபவை

ஸ்கிராபிளில் ஒரு சொல்லுக்கு முன்னோ பின்னோ ஓர் எழுத்து ஒட்டிப் புதுச் சொல் ஆக்குவதை ஹூக் என்பார்கள். கர்ரியின் முன்னால் ஒட்டுவது எஸ் மட்டும். பின்னால் தனியாக ஓரெழுத்தும் ஒட்டாது. பின்னால் மூன்று டைல் இருந்தால் ஐ-என்-ஜி, நான்கு இருந்தால் சி-ஓ-எம்-பி, அதாவது நம் குதிரைச் சீப்பு. கர்ரியை உள்ளிருந்து பார்த்தாலும் படி இருக்கிறது. முதல் மூன்றெழுத்து கர், சொறிநாய். நான்கு எழுத்தும் ஒரு சொல்தான், புறா முனகுவது போன்ற ஒலி. அதன் வாலில் எஸ்ஸும் ஒட்டும், ஒய்யும் ஒட்டும். ஆக 3, 4, 5, 6 என்று ஏணி மாதிரி ஏறலாம்: கர், கர்ர், கர்ரி, ஸ்கர்ரி.

ஏழெழுத்துகள்தான் பெரிய மீன். கையில் இருக்கும் ஏழு டைலையும் ஒரே கையில் இறக்கினால் 50 புள்ளி கூடுதல், பிங்கோ. சி-யு-ஆர்-ஆர் என்ற நான்கும் கையில் வந்துவிட்டால் மீதி மூன்றை மட்டும் பாருங்கள். ஐ-இ-டி, ஐ-இ-எஸ், ஐ-இ-ஆர் மூன்றும் செல்லும். ஐ-எஸ்-எச் போட்டால் கர்ரிஷ், நாய்த்தனமான என்று பொருள். ஏ-என்-டி போட்டால் உலர்திராட்சை வகை ஒன்று, அது கிரேக்க நகரம் கொரிந்தின் பெயரிலிருந்து வந்தது. இ-என்-டி போட்டால் கரண்ட், அது ஓடு என்னும் லத்தீன் வேரிலிருந்து. வேர்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை, டைலுக்கு அது தெரியாது.

விலை எவ்வளவு?

ஸ்கிராபிளைக் கண்டுபிடித்தவர் ஆல்பிரட் பட்ஸ், 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை இழந்த கட்டடக் கலைஞர். செய்தித்தாளின் முதல் பக்கத்தை வைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, அதன்படி எண்ணிக்கையும் விலையும் வைத்தார். 1948இல் ஜேம்ஸ் புருனோ அதற்கு ஸ்கிராபிள் என்று பெயரிட்டு விற்பனைக்குக் கொண்டுவந்தார். மொத்தம் 100 டைலில் சி 2, யு 4, ஆர் 6, ஒய் 2. விலை: சி 3, யு 1, ஆர் 1, ஒய் 4. கர்ரியில் ஆர் இரண்டு, ஆக 10. ஸ்கர்ரி 11. கர்ரியிங் 14. கர்ரிகோம்ப் 20. கைபேசியில் வேர்ட்ஸ் வித் ஃபிரெண்ட்ஸ் என்ற இதே மாதிரி ஆட்டம் ஆடுபவர்களுக்குக் கணக்கு வேறு: சி 4, யு 2, ஒய் 3, ஆக 11. அங்கே ஏழு டைல் இறக்கினால் கூடுதல் 35தான்.

இதெல்லாம் வெறும் விலை. எங்கே வைக்கிறோம் என்பதில்தான் ஆட்டம்.

முதல் கையில் கர்ரி வந்தால்

போர்டின் நடுவரிசையை இடமிருந்து 1 முதல் 15 வரை எண்ணுங்கள். 8 நட்சத்திரம், அங்கே சொல் முழுக்க இரட்டிப்பு. 4, 12 ஆகியவை டபுள் லெட்டர், அங்கே விழும் எழுத்துக்கு மட்டும் இரட்டை விலை. 1, 15 இரண்டும் ட்ரிபிள் வேர்ட், அங்கே சொல் முழுக்க மூன்று மடங்கு. முதல் சொல் எப்படியும் 8ஐத் தொட வேண்டும். எனவே கர்ரிக்கு ஐந்து இடங்கள் உண்டு.

8இல் தொடங்கி 12இல் முடித்தால் ஒய் டபுள் லெட்டரில் விழும். 3+1+1+1+8, 14, இரட்டித்தால் 28. அதுதான் உச்சம். 4இல் தொடங்கி 8இல் முடித்தால் சி டபுள் லெட்டரில் விழும், 13, இரட்டித்தால் 26. நடுவில் உள்ள மூன்று இடங்களிலும் 20தான்.

புத்தி உள்ள யாரும் 28ஐத்தானே எடுப்பார்கள்? நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது எதிராளியின் கண்ணால் பாருங்கள். 12இல் ஒய் முடிகிறது. 13, 14, 15 காலி. அவரிடம் ஐ, என், ஜி மூன்றும் இருந்தால் மூன்றே டைலில் கர்ரியிங், ஜி போய் ட்ரிபிள் வேர்டில் உட்காரும். 14ஐ மூன்றால் பெருக்கினால் 42. ஐ 9 டைல், என் 6, ஜி 3. ஆங்கிலத்தில் ஐ-என்-ஜியைச் சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருப்பது எல்லாருக்கும் பழக்கம். நம்முடைய சொல், அவருக்கு 42.

7இல் தொடங்கி 11இல் முடிப்பது இன்னும் மோசம். நமக்கு 20தான் வரும். ஆனால் 12இல் சி, 13இல் ஓ, 14இல் எம், 15இல் பி வைத்தால் குதிரைச் சீப்பு சரியாகப் பொருந்தும். 12இல் உள்ள சிக்கு இரட்டை விலை, ஆக 23, மூன்றால் பெருக்கினால் 69. 8இல் தொடங்கியிருந்தால் அந்தச் சொல்லுக்கு 16ஆவது கட்டம் தேவைப்படும், போர்டே முடிந்துவிடும். ஒரு கட்டம் தள்ளி வைப்பதில் எவ்வளவு மாறுகிறது பாருங்கள்.

நான் பெரும்பாலும் 4இல் தொடங்குகிறேன். இரண்டு புள்ளி போகட்டும். அங்கே வலது பக்கம் ஐ-என்-ஜி ஒட்டினால் 14தான், சீப்பை ஒட்டினாலும் 23தான். ஆபத்தே இல்லையென்று சொல்லமாட்டேன். 3ஆவது கட்டத்தில் எஸ் வைத்து ஸ்கர்ரி ஆக்கிவிட்டு மேலிருந்து கீழாக ஒரு சொல் இறக்கலாம். அந்தச் செங்குத்து வரிசையில் ஐந்து கட்டம் மேலேயும் ஐந்து கட்டம் கீழேயும் சொல்லை இரட்டிக்கும் டபுள் வேர்ட் இருக்கிறது. ஆனால் அதற்கு எஸ்ஸோ, எந்த எழுத்தாகவும் வைக்கக்கூடிய வெற்று டைலான பிளாங்கோ வேண்டும். எஸ் நான்கு, பிளாங்க் இரண்டு, அவ்வளவுதான் மொத்தமே.

மீதி இரண்டு டைல் என்ன என்பதையும் பாருங்கள். என், ஜி இரண்டும் உங்களிடமே மிச்சம் இருந்தால் தயங்காமல் 8இல் தொடங்குங்கள், ஐ வந்தால் அந்த 42 உங்களுக்கு. எஸ் இருந்தால் ஆசைப்பட்டு முதல் கையிலேயே ஸ்கர்ரி போட்டுவிடாதீர்கள். 7இல் தொடங்கி 12இல் முடித்தால் 30 வரும், அதாவது கர்ரியைவிட இரண்டே புள்ளி அதிகம். அந்த இரண்டு புள்ளிக்கு ஓர் எஸ்ஸைக் கொடுப்பது நஷ்ட வியாபாரம்.

சியைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவிலும் இலங்கையிலும் போட்டிகளில் செல்லும் காலின்ஸ் பட்டியலில், சி உள்ள இரண்டெழுத்துச் சொல் ஒன்றே ஒன்று, சி-எச். அதனால் கிடையாகக் கிடக்கும் சியின் தலைக்கு மேலே இணையாக ஒட்டி யாரும் சொல் வைக்க முடியாது, கீழேயும் எச் வைத்தால்தான் உண்டு. முன்னணியில் இருக்கும்போது இது நல்ல சுவர். பின்தங்கி இருக்கும்போது நமக்கே இடைஞ்சல்.

மற்ற விளையாட்டுகள்

ஒளிந்திருக்கும் ஐந்தெழுத்துச் சொல்லை ஆறு ஊகத்துக்குள் பிடிக்கும் வேர்டிலில் கர்ரியை முதல் ஊகமாகப் போடாதீர்கள். ஆர் இரண்டு முறை வருவதால் ஐந்து கட்டத்தில் நான்கு எழுத்தைத்தான் சோதிக்கிறீர்கள். மூன்று, நான்கு, ஐந்தாம் இடங்களில் ஆர்-ஆர்-ஒய் பச்சையாகிவிட்டால், அதாவது சரியான இடம் என்று காட்டிவிட்டால், சந்தோஷப்படாதீர்கள், அங்கேதான் பொறி. ஹர்ரி, ஃபர்ரி, கேர்ரி, மேர்ரி, பெர்ரி, ஃபெர்ரி, மெர்ரி, சார்ரி, வர்ரி என்று வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் ஆறு வாய்ப்பும் தீர்ந்துவிடும். எச், எஃப், எம், பி இவற்றில் இரண்டு மூன்றாவது ஒன்றாக வரும் வேறொரு சொல்லை நடுவில் வீணாக்குவதுதான் வழி.

ஒளித்த சொல்லை எழுத்தெழுத்தாக ஊகித்து, தவறினால் கோடு வாங்கும் ஹேங்மேனில் நேர்மாறு. எல்லாரும் ஏ, இ, ஐ, ஓ என்றுதான் ஆரம்பிப்பார்கள். கர்ரியில் நான்கும் கிடையாது. நான்கு கோடு விழுந்த பிறகுதான் யுவுக்கு வருவார்கள். வீட்டுப் பிள்ளைகளிடம் ஒருமுறை செல்லும், மறுமுறை செல்லாது.

புதிர்க் குறுக்கெழுத்தில் இந்தச் சொல் தங்கம். தி இந்து நாளிதழில் வரும் வகையைச் சொல்கிறேன். அங்கே கர் நாய், ஆர்-ஒய் என்றால் ரயில்வேயின் சுருக்கம். இரண்டையும் ஒட்டினால் கர்ரி. தமிழில் குறிப்பு எழுதினால் இப்படி வரும், அடைப்பில் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை: தெருநாய் ரயிலேறினால் சோற்றுக்குக் குழம்பு ரெடி (5). இன்னொன்று: எலி ஓட்டத்தின் தலையைத் துண்டித்தால் குதிரையைத் தேய்க்கலாம் (5). ஸ்கர்ரியில் எஸ்ஸை வெட்டினால் என்ன மிஞ்சும் என்று பாருங்கள்.

இதே போல அடுத்து பிரிக்க ஒரு சொல் வேண்டுமென்றால் கேஷ் எடுத்துக்கொள்ளுங்கள், சி-ஏ-எஸ்-எச், விலை 9. அதற்கும் அகராதியில் இரண்டு பதிவுகள். பணம் என்ற கேஷ், பெட்டி என்னும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. கீழைநாடுகளின் சின்ன நாணயம் என்ற கேஷ், போர்ச்சுக்கீசியர் வழியாக நம் காசிலிருந்து. வாலில் இ-டபிள்யூ ஒட்டினால் முந்திரி, 14 புள்ளி. ஐ-இ-ஆர் ஒட்டினால் வரும் ஏழெழுத்துக்கும் இரண்டு பதிவு இருக்கும்: ஒருவர் வங்கிக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார், இன்னொன்று ராணுவத்திலிருந்து அவமானப்படுத்தி வெளியேற்றுவது. அக்கா மகளுக்கு இதை நான் இன்னும் சொல்லவில்லை. அடுத்த விடுமுறைக்கு வைத்திருக்கிறேன்.